கோடம்பாக்கம் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: சேலத்திலும் கோவையிலும் படமெடுத்த காலம் ஒன்று உண்டு. பிறகு ஏன் சினிமா என்றாலே சென்னைக்கு வண்டியேற வேண்டியிருக்கிறது? (சேலம் வாசகர்)

பதில்: டி.ஆர். சுந்தரம் 1930களில் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. 'மந்திரி குமாரி' (1950) அங்கே உருவானபோது, வசனம் எழுதிய மு. கருணாநிதி சேலத்தில் குடியிருந்தார். கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இயங்கின. எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' (1954) பட்சிராஜாவின் படம். ஏவி. மெய்யப்பன் 'நாம் இருவர்' (1947) படத்தைக் காரைக்குடியில் கொட்டகை போட்டு எடுத்து முடித்தார். ஆனால் அடுத்த ஆண்டே ஸ்டுடியோவை வடபழனிக்குக் கொண்டுவந்துவிட்டார். பிலிம் கழுவும் லேப், ஒலிப்பதிவுக் கூடம், விநியோகஸ்தர், வட்டிக்குக் கொடுக்கும் பைனான்சியர் எல்லாமே சென்னையில் இருந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று நான்கு மொழிப் படங்களும் அங்கே நடந்ததால், ஒரு மொழியில் வேலை ஓய்ந்தால் இன்னொரு மொழியில் கிடைத்தது. வாத்தியக் கலைஞர்களும் கேமரா உதவியாளர்களும் ஊரைவிட்டு அங்கே வந்து சேர்ந்ததற்கு அந்த உத்தரவாதம் பெரிய காரணம்.

இப்போது பிலிமும் இல்லை, லேப்பும் இல்லை. வாகினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. படப்பிடிப்பு தேனிக்கோ ஐதராபாத்துக்கோ போய்விடுகிறது. இருந்தாலும் எந்தக் கதை படமாகும் என்று முடிவு செய்கிறவர்களும், எடிட்டிங், டப்பிங், இசைச் சேர்ப்புக் கூடங்களும், தொழிற்சங்கங்களும் இன்னும் சென்னையில்தான் இருக்கின்றன. வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம் தெருக்களில் நடந்தால் பாதி தமிழ் சினிமாவின் பெயர்ப் பலகைகளைப் படித்துவிடலாம்.

கேள்வி: கையில் நல்ல கதை இருக்கிறது. வேறு என்ன தேவை? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: வருடங்கள். அந்த வருடங்களுக்கான வாடகை.

இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்து 1968-இல் சென்னைக்கு வந்தார். 'அன்னக்கிளி' வெளியானது 1976-இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், பதிவுகளில் கிட்டார் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். மாரி செல்வராஜ் இயக்குநர் ராமிடம் 'கற்றது தமிழ்' (2007) காலத்திலிருந்து வேலை பார்த்தவர். அவருடைய முதல் படம் 'பரியேறும் பெருமாள்' 2018-இல் வந்தது. சுதா கொங்கரா ஏழு ஆண்டுகள் மணிரத்னத்திடம் உதவி இயக்குநராக இருந்த பிறகு தனியாகப் படம் செய்தார்.

திறமையில் முதல் வரிசையில் நிற்பவர்களே இத்தனை காலம் காத்திருந்தார்கள் என்றால், ஆறு மாதச் செலவுக்குப் பணம் கொண்டுவருகிறவர் ஆறாவது மாதம் சோர்ந்துபோவதில் அவருடைய குற்றம் ஏதும் இல்லை. அவர் கொண்டுவந்த கணக்குத்தான் சிறியது. சென்னையில் வாய்ப்பை யாரும் விற்பதில்லை. விலைக்குக் கிடைப்பது காத்திருப்பு ஒன்றுதான், அதை மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கிறது. வென்றவர்களில் பலருக்கு அந்தத் தவணையை வேறு யாரோ கட்டினார்கள். பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த ரஜினிகாந்த் சென்னை பிலிம் சேம்பரின் நடிப்புப் பள்ளியில் படித்த காலத்தில், கூட வேலை பார்த்த ஓட்டுநர் நண்பர் பணம் அனுப்பினார். ரஜினிகாந்த் இதை மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஆதலால் ஊரைவிட்டுக் கிளம்புகிறவர் இயக்குநர்களின் முகவரிகளைத் திரட்டுவதற்கு முன், எத்தனை மாதம் யார் தாங்குவார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

கேள்வி: தங்குவதற்கு மேன்ஷனா, வாடகை வீடா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: வெளியூரிலிருந்து தனியாக வந்த ஆண்களைப் பல தலைமுறைகளாகத் தாங்கியவை திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். ஒரு கட்டில், ஒரு கொடி, ஒரு ஜன்னல், தளத்துக்குப் பொதுவான குளியலறை, பக்கத்துத் தெருவில் மெஸ், நடக்கும் தூரத்தில் மெரினா. தி. நகர் 'கிளப் ஹவுஸ்' அறைகளும் அப்படிப்பட்டவை. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த வாலியும் தாராபுரத்து நாகேஷும் பெயர் பெறுவதற்கு முன் அங்கே அறைவாசிகள். ஒருவர் பட்டினியை இன்னொருவர் அறிந்திருந்த வாழ்க்கை அது. ஒரு கட்டத்தில் போதும் என்று ஊர் திரும்ப நினைத்த தன்னை, 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாட்டு ஒன்றை பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிக்காட்டியதுதான் நிறுத்தியது என்று வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு அவர் காதில் விழுந்தது, பாடகர்கள் வந்துபோகும் இடத்தில் அவர் குடியிருந்ததால்.

அறை எங்கே என்பது அதனால்தான் முக்கியமாகிறது. தாம்பரத்துக்கு அப்பால் வாடகை குறைவு. ஆனால் படப்பிடிப்புக்கு உதவி இயக்குநர் எல்லாருக்கும் முன்னால் போக வேண்டும், எல்லாரும் போன பிறகு கிளம்ப வேண்டும். இரவு வெகுநேரம் கழித்து டிஸ்கஷன் முடிந்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. ஆட்டோவுக்குக் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பிடித்த வாடகை கரைந்திருக்கும். நான்கு உதவி இயக்குநர்கள் சேர்ந்து சாலிகிராமத்தில் ஓர் அறை எடுப்பது இந்தக் கணக்கில் பிறந்த பழக்கம். அறையில் நால்வர் இருந்தால் நான்கு அலுவலகங்களின் செய்தி ஒரே இரவில் வந்து சேரும் என்பது அதில் கிடைக்கும் கூடுதல் லாபம்.

வீடு எடுக்கிறவர்களைப் பயமுறுத்துவது அட்வான்ஸ். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்றும் சொல்கிறது. 'வேறு உடன்பாடு இல்லாதபோது' என்ற அந்த வாசகத்துக்குள் நுழைந்துதான் இன்றும் பலர் ஐந்தும் பத்தும் கேட்கிறார்கள். சட்டத்தை அறிந்தவர் பேரமாவது பேசலாம்.

கேள்வி: சாப்பாடு? (விருதுநகர் வாசகர்)

பதில்: 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று விலை வைத்தார்கள். சென்னையில் கனவோடு இருக்கும் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய திட்டம் அது. அங்கே வரிசையில் நிற்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேள்வி: வேறு வேலை பார்த்துக்கொண்டே முயற்சி செய்தால் லட்சியம் நீர்த்துப்போகாதா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: நாகேஷ் ரயில்வேயில் எழுத்தர். ரயில்வே ஊழியர் நாடகத்தில் வயிற்றுவலிக்காரராக அவர் நடித்ததைப் பார்த்து எம்.ஜி.ஆர். பாராட்டினார். விஜய் சேதுபதி துபாயில் கணக்கு எழுதிவிட்டு வந்து, ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்தார். நடிப்பவர்களை நாள்தோறும் அருகிலிருந்து பார்க்க அந்த வேலை இடம் கொடுத்தது. இயக்குநர் கார்த்திக் சுப்பராஜ் மென்பொருள் பொறியாளராக இருந்தவர்.

வேலை லட்சியத்தை நீர்க்கச் செய்வதில்லை. கடன்தான் அதைச் செய்கிறது. வாடகை பாக்கி வைத்திருக்கிறவர் முதலில் கிடைக்கும் மோசமான படத்துக்குத் தலையாட்டுவார். மாதச் சம்பளம் உள்ளவர் மறுக்க முடியும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உதவி இயக்குநர் பணிக்கு முழு நாளும் வேண்டும், ஆகவே அதோடு அலுவலக வேலை ஒத்துவராது. எழுதுகிறவர், நடிக்கிறவர், எடிட்டிங் செய்கிறவர் வேலையோடு சமாளிக்கலாம். இயக்கத்துக்கு வருகிறவர் இரண்டு மூன்று ஆண்டு சம்பாதித்துச் சேர்த்துவிட்டு வருவதே நடைமுறைக்கு ஏற்றது.

உதவி இயக்குநர்களின் வருமானம் இன்றும் பரிதாபம்தான். படப்பிடிப்பு நாட்களில் பேட்டாவும் சாப்பாடும் உண்டு. கதை விவாதம் நடக்கும் மாதங்களில் பல இடங்களில் டீ மட்டுமே. கோடிகளில் நடக்கும் ஒரு தொழில், கதைக்கு உயிர் கொடுக்கும் ஆட்களைச் சம்பளமில்லாமல் வைத்திருப்பது நியாயமே இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தாக்குப்பிடிக்கும்படி ஆகிவிட்டால், திரையில் வரும் வாழ்க்கையும் சுருங்கிவிடும்.

கேள்வி: திரைப்படக் கல்லூரியா, இயக்குநரின் நிழலா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு கற்க விரும்புகிறவருக்குக் கல்லூரி. 1945-இல் தொடங்கி இப்போது எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இயங்கும் அரசு நிறுவனத்தின் கட்டணம் தனியார் பள்ளிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். 'ஊமை விழிகள்' (1986) படத்தை எடுத்தவர்களில் பெரும்பாலோர் திரைப்படக் கல்லூரி மாணவர்களே. கூடப் படித்தவர்கள் பிற்காலத்தில் ஆளுக்கொரு துறையில் அமர்ந்திருப்பார்கள் என்பது சான்றிதழைவிடப் பெரிய சொத்து.

இயக்கத்துக்கு இன்னமும் குருகுலம்தான் பலமானது. மட்டக்களப்பிலிருந்து வந்த பாலுமகேந்திராவிடம் பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி, நா. முத்துக்குமார் என்று ஒரு வரிசையே உதவியாளராக இருந்தது. மூன்றாவது பாதை ஒன்றும் திறந்திருக்கிறது. கலைஞர் தொலைக்காட்சி 2009-இல் தொடங்கிய 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியின் குறும்படங்களிலிருந்து கார்த்திக் சுப்பராஜும் நலன் குமரசாமியும் நேரே முதல் படத்துக்குப் போனார்கள். குறும்படத்தை மதுரையிலோ நாகர்கோவிலிலோ எடுக்கலாம், அதற்குச் சென்னை வாடகை தேவையில்லை. கையில் ஒரு நல்ல குறும்படத்தோடு சென்னை வருகிறவர் கைகட்டி நிற்கும் நாட்கள் குறையும்.

கேள்வி: கதையைச் சொன்னால் திருடிவிடுவார்களாமே? (ராமநாதபுரம் வாசகர்)

பதில்: சொல்லாத கதை படமாவதில்லை, ஆகவே சொல்லத்தான் வேண்டும். 'அண்ணன் தங்கை பாசம்' போன்ற கருவுக்குச் சட்டத்தில் காப்பு கிடையாது. காட்சி காட்சியாக எழுதப்பட்ட வடிவத்துக்கே காப்புரிமை உண்டு. 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தை எழுதிய ஆர்.ஜி. ஆனந்த், 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் தன் நாடகத்தைத் தழுவியது என்று தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1978-இல் இந்த வேறுபாட்டைத்தான் விளக்கி, அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரு வரிக் கதையோடு சுற்றுகிறவர் கையில் சட்டப்படி எதுவுமே இல்லை. முழுத் திரைக்கதை எழுதி, எழுத்தாளர் சங்கத்திலோ மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்திலோ பதிவு செய்து, அதன் பிறகு சொல்லத் தொடங்கினால் தேதியோடு சாட்சி இருக்கும்.

கேள்வி: மகள் சினிமாவில் எடிட்டராக வேண்டும் என்கிறாள். தனியாக அனுப்பலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: அனுப்பலாம், இரண்டை உறுதி செய்துகொண்டு. தங்குமிடம் முதலாவது. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிகள் கட்டாயம் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவுச் சான்றைப் பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம். பணிபுரியும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகள் தாம்பரம் உள்ளிட்ட இடங்களில் உள்ளன. வேலையிடம் அடுத்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியாத அலுவலகத்தைத் தவிர்ப்பது நல்லது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் குறையும்.

கேள்வி: நடிக்க வாய்ப்புத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று ஒரு கம்பெனி கேட்கிறது... (ஆம்பூர் வாசகர்)

பதில்: நடிகருக்குத் தயாரிப்பாளர் பணம் தருவதே தொழில். திசை மாறிப் பணம் போனால் அங்கே படம் இல்லை. போட்டோ ஷூட், அடையாள அட்டை, பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் இதுவே. கட்டியாகிவிட்டதென்றால் ரசீதோடு காவல் நிலையம் போக வேண்டும். வெட்கப்பட்டு மறைக்க மறைக்க, அடுத்தவரும் அதே இடத்தில் பணம் கட்டுவார்.

கேள்வி: எத்தனை வருடத்தில் ஊர் திரும்பலாம்? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: வருடத்தை யாரும் நிர்ணயிக்க முடியாது, கவனிக்க வேண்டிய அடையாளங்கள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் தெரிந்தவர்கள் கூடுகிறார்களா, எழுதிய பக்கங்கள் கூடுகின்றனவா, கையில் தொழில் ஏறுகிறதா? மூன்றில் ஒன்றுகூட இரண்டு ஆண்டுகளாக நகரவில்லை என்றால், இருக்கும் இடத்தையோ செய்யும் வேலையையோ மாற்ற வேண்டும். தொலைக்காட்சித் தொடர், விளம்பரப் படம், வெப் தொடர், டப்பிங் என்று பக்கத்துக் கதவுகள் பல உண்டு, அங்கே சம்பளம் ஒழுங்காக வருவதும் உண்டு.

திரும்புகிறவர் கடன் கழுத்தை நெரிக்கும் முன் திரும்ப வேண்டும். சங்க உறுப்பினர் சந்தாவை விடாமல் கட்டி வரலாம். அறை நண்பர்களில் ஒருவரது எண்ணாவது தொடர்பில் இருக்கட்டும். திரைக்கதையை ஊரிலிருந்தே எழுதி மின்னஞ்சலில் அனுப்பலாம். நேரில் வந்து கதை சொல்லும்படி தயாரிப்பாளர் கூப்பிட்டால், அதற்கு இரண்டு நாள் அறை வாடகை போதும்.