இருட்டறை விமானங்கள் குறித்து ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ விமான அருங்காட்சியக நிர்வாகிகள் சமூகத்துக்கு, தென்காசியிலிருந்து புகைப்படப் பித்தன் ஒருவன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது:

ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். தங்கள் விஷயத்தில் இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

ஆனிச் சாரலில் ஐந்தருவிப் பக்கம் காமிராவுடன் அலைகிறவனுக்கு, மேகம் வெயிலை மூடித் திறப்பதும் திவலை வந்து லென்ஸை மறைப்பதும் புதிதல்ல. ஆயினும், பகைவர் கண்ணுக்குத் தப்பவென்று யுத்தகாலத்தில் பூசிய பச்சையும் பழுப்புமான வர்ணம், விமானம் ஓய்வு பெற்ற பிறகும் தன் கடமையைச் செவ்வனே ஆற்றும்படி தங்கள் கொட்டகைக்குள் செய்திருக்கும் ஏற்பாட்டைக் கண்டு பிரமித்துப்போனேன். பாதரச விளக்கு இறக்கைக்குப் பச்சையும், சோடியம் விளக்கு வாலுக்கு மஞ்சளும், திறந்த வாசலின் பகல் மூக்குக்கு நீலமும் பூச, எந்த ஒளிக்கு இசையக் காமிராவைத் திருத்தினாலும் மற்ற இரண்டும் முறைத்துக்கொள்கின்றன. சக்கரமும் வயிற்றுப்புறமும் எந்த விளக்குக்கும் எட்டாத பாதாளம். பிளாஷ் போட்டாலோ, விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடிக் கூண்டில் என் பிளாஷே சூரியோதயமாகிறது, டிரைபாடுக்கோ தடையுத்தரவு.

காரணம் கேட்டபோது, வெளிச்சம் பட்டால் சாமான் கெட்டுப்போகும் என்றார் காவலர். வாஸ்தவம், துணி, நீர்வர்ணம் முதலியவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் ஆகாதென்பது அருங்காட்சியக சாஸ்திரம். எங்கள் குற்றாலத்துச் சித்திர சபையின் சுவரோவியங்களை அரையிருளில் காப்பதை நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் உச்சிவெயிலின் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ்; ஆயுள் முழுவதும் அதிலேயே பறந்த அலுமினியத்தை, பிள்ளை பெற்றவளைப்போல் இருட்டறையில் கிடத்துவானேன்? இதனினும் விசேஷம், துணி போர்த்திய இரட்டைச் சிறகு விமானத்தை மேற்கு ஜன்னலடியில் நிறுத்தி, மாலை வெயில் முழுவதையும் அதற்கே அர்ப்பணித்திருப்பது. 1933-இல் கராச்சியில் நம் விமானப்படையின் முதல் அணி பறக்கத் தொடங்கிய வாப்பிடி விமானத்தின் இறக்கையும் துணி போர்த்தியதே; அந்த வம்சத்துக்கு உரிய பத்தியத்தை உலோகத்துக்குக் கொடுத்து, உலோகம் தாங்கும் வெயிலைத் துணிக்கு ஊட்டியிருக்கும் தங்கள் சமதர்ம நோக்கை என்னவென்பேன்!

அரக்கோணம் ராஜாளி விமான தளத்திலிருந்து 2017-இல் விடைபெற்ற டியூ-142 ரக விமானங்களில் ஒன்று, விசாகப்பட்டினத்துக் கடற்கரைச் சாலையில் வெட்டவெளியில் நிற்கிறது. உப்புக்காற்றின் உபத்திரவம் வேறு விஷயம். 50 மீட்டர் அகலச் சிறகையும் சூரிய பகவான் அங்கே இலவசமாகவே காட்டிவிடுகிறார்.

ஆகையால் சமூகம் தயைகூர்ந்து, துணி விமானத்தை ஜன்னலை விட்டு நகர்த்தி, கூரை விளக்குகளை ஒரே ஜாதியாக்கி, தரைக்கு வெள்ளைப் பூச்சாவது அடித்தால், கீழே விழும் ஒளி திரும்பி எழுந்து விமானத்தின் வயிற்றையும் எட்டிப்பார்க்கும். இவற்றுக்கு நிதியில்லையெனில், காமிராக் கட்டணம் வாங்கும் அதே ஜன்னலில் டார்ச் லைட்டும் வாடகைக்குத் தரலாம். பாட்டரிக்குத் தனிக் கட்டணம் விதித்தாலும் ஆட்சேபமில்லை.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
காமிராக் கட்டணம் செலுத்தியவன்.