அல்சூர் பார்களுக்கு நட்சத்திரம்

ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போடுகிற புண்ணியவான்கள் பெங்களூரு அல்சூர் பார்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சமூகத் தொண்டாக நினைத்து நானே போட்டுவிட்டேன்.

முதலில் எம்.ஆர்.பி. கடை. சிஎல்-2 உரிமம் உள்ள கடையில் வாங்கலாம், அங்கேயே குடிக்கக் கூடாது என்பது கர்நாடகக் கலால் விதி. ஆகவே யாரும் குடிப்பதில்லை. ஒரு கையில் 90 மில்லி அட்டைப்பெட்டி, மறு கையில் தண்ணீர் பாக்கெட்டோடு சுவரைப் பார்த்து யோசிக்கிறார்கள், அவ்வளவுதான். சிந்தனைக்கு மூன்று நட்சத்திரம்.

அடுத்தது சிஎல்-9 பார். நாற்காலி உண்டு, அதே சரக்குக்குக் கூடுதல் விலையும் உண்டு. வெளிச்சம் மட்டும் கிடையாது. பில்லைப் படிக்க செல்போன் டார்ச் அடித்தால் பக்கத்து மேஜைக்காரர் முகத்தை மூடிக்கொள்கிறார். நம் மாமனாராகக்கூட இருக்கலாம். ஆர்டர் தமிழில், பதில் கன்னடத்தில், சண்டை தெலுங்கில். தொட்டுக்கொள்ள காங்கிரஸ் கடலை: இரண்டாகப் பிளந்த வேர்க்கடலையில் மஞ்சள், மிளகு, கறிவேப்பிலை. கட்சி பேதமில்லாமல் எல்லாரும் கொறிக்கிறார்கள். நான்கு நட்சத்திரம்.

ஓசூரிலிருந்து வந்த உறவினருக்குத்தான் சந்தேகம்: "அரசாங்க உத்தியோகத்தை ஒரு தனியார் எப்படிப்பா செய்யலாம்?" பாவம், டாஸ்மாக்கிலேயே பழகியவர். 2003-இல் தமிழ்நாட்டு அரசு சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு கர்நாடக அரசு தனிக் கழகம் வைத்து மொத்த விற்பனையை எடுத்துக்கொண்டது. காவிரியில் ஒத்துப்போகாத இரண்டு அரசுகளும் இதில் இவ்வளவு ஒற்றுமையா! இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம்.