மந்திரியாகப் போற தம்பிக்கு நாலு புத்தி

வாடா தம்பி, குந்து. நேத்து டீக்கடையில நீ போட்ட சத்தம் கேம்ப் ரோடு முக்கு வரைக்கும் கேட்டுச்சு. ரஃபேல் இன்னும் நாப்பது வாங்கணும், எஸ்-400 வாங்கணும், எஃப்-35ஐயும் விடக்கூடாதுன்னு எல்லாத்தையும் வாங்கிப் போட்டுட்டு, டீக்கு மட்டும் கடன் சொல்லிட்டுப் போனியாமே! ராணுவ மந்திரி ஆவுறதுக்கு இதைவிட இன்னா தகுதி வேணும்? எப்படியும் ஆயிடுவே. ஆவுறதுக்கு முன்னாடி இந்தக் கெழவன் சொல்ற நாலு புத்தியைக் காதுல வாங்கிக்கோ.

முதல் புத்தி, மொத்தத் தொகையை மட்டும் சொல்லு. 2025-26 பட்ஜெட்டுல பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ஒதுக்கினாங்க. அவ்வளவுதான், சபையில மேசை அதிரும். அதுல பென்ஷன் 1.60 லட்சம் கோடின்னும், சம்பளம், சோறு, டீசல், பராமரிப்பு எல்லாம் போக புதுசா வாங்கவும் கட்டவும் நின்னது 1.80 லட்சம் கோடிதான்னும் நீயா வாயைத் திறக்காதே. பென்ஷனை நான் குத்தம் சொல்லலை. எல்லையில நின்னவனுக்குக் கொடுக்குற காசு அது. ஆனா முந்தின வருஷக் கதை தெரியுமா? வாங்குறதுக்குன்னு 1.72 லட்சம் கோடி ஒதுக்கி, திருத்தின கணக்குல 12,500 கோடியைக் குறைச்சுட்டாங்க. விமானம் பத்தலைன்னு படை கேக்குது, செலவு பண்ண முடியலைன்னு காசு திரும்புது. இந்தச் சாமர்த்தியம் நம்ம பொம்பளைங்களுக்கு இருந்திருந்தா ஊர்ல ஒரு வூட்லயும் அடுப்பு எரிஞ்சிருக்காது.

ரெண்டாவது புத்தி, எதுக்கும் அவசரப்படாதே. பக்கத்துல ஆவடி டாங்கி ஃபாக்டரியைப் பாரு. அர்ஜுன் டாங்கிக்கு 1974ல ஒப்புதல் கொடுத்தாங்க. ராணுவத்துக் கைக்குப் போனது 2004ல. ஒப்புதல் கொடுத்த வருஷம் பொறந்த புள்ளைக்குக் கல்யாணம் ஆயி, அதுக்கும் ஒரு புள்ளை பொறந்திருக்கும். அப்புறம் 2021 பிப்ரவரியில பிரதமரே சென்னைக்கு வந்து புது அர்ஜுனை ஒப்படைச்சாரு. செப்டம்பர்ல 118 டாங்கிக்கு 7,523 கோடி ஆர்டர் போட்டாங்க. இதுல உனக்கு இன்னா லாபம்னு கேக்குறியா? அடிக்கல் நாட்டுறவன் ஒருத்தன், கொடி ஆட்டுறவன் வேற ஒருத்தன். நடுவுல போன வருஷத்துக்கு யாரும் யாரையும் புடிச்சுக் கேக்க முடியாது. நீ ரெண்டுல ஒன்னுல மாலை வாங்கிக்கிட்டுக் கெளம்பிடலாம்.

மூணாவது புத்தி ரொம்ப முக்கியம். என்ஜினைப் பத்தி மூச்சு விடாதே. அர்ஜுனுக்கு என்ஜின் ஜெர்மனிக்காரன் கொடுத்தது. தேஜஸ் போர் விமானத்துக்கு அமெரிக்காக்காரன். 1961ல மாருத்னு ஒரு போர் விமானம் நம்ம பெங்களூர்லயே பறந்துச்சு. ஒடம்பு நல்ல ஒடம்பு, ஏத்த என்ஜின் கிடைக்காமலே அதோட காலம் முடிஞ்சுபோச்சு. சொந்தமா என்ஜின் பண்றோம்னு எண்பதுகள்ல எறங்கினாங்க. வெச்ச பேரு காவேரி. அந்தப் பேரை வெச்சா நேரத்துக்கு வந்து சேருமான்னு தஞ்சாவூர்க்காரனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னைக்கு வரைக்கும் தேஜஸ்ல அது ஏறலை. வண்டி நம்மளது, மாடு இரவல். 2021ல 83 தேஜஸுக்கு ஆர்டர் கொடுத்தாங்க. அதுக்கான முதல் என்ஜினை அமெரிக்காக்காரன் கொடுத்ததே 2025 மார்ச்சுலதான். அந்த செப்டம்பர்லயே பழைய மிக்-21 போர் விமானத்தை மாலை போட்டு வழியனுப்பிட்டாங்க. மேடையில நீ 'சுதேசி'ன்னு சொல்லும்போது மூடியைத் திறந்து காட்டாம பார்த்துக்கோ.

நாலாவது புத்தி, குட்டி விமானத்தையெல்லாம் கண்டுக்காதே. சேலையூர், மாடம்பாக்கம் தலைக்கு மேல காலையில சுத்துதே, அதைத்தான் சொல்றேன். விமானம் ஓட்டக் கத்துக்கொடுக்குற வாத்தியாருங்களுக்கே பாடம் எடுக்குற பள்ளிக்கூடம் 1954லேருந்து நம்ம தாம்பரத்துல இருக்கு. ஆனா அதுல டிவிக்காரனுக்குப் படம் கிடைக்காது. எச்பிடி-32ன்னு ஒரு பயிற்சி விமானம் இருந்துச்சு. நடுவானத்துல என்ஜின் நின்னு போற வியாதி அதுக்கு. 2009ல ரெண்டு விமானிங்க செத்தப்புறம்தான் மொத்தமா நிறுத்தினாங்க. விமானத்துக்கே ஒரு பாராசூட் கட்டிவுட்டா இன்னான்னு கூட யோசிச்சாங்கப்பா! கடைசியில 2012ல சுவிட்சர்லாந்துக்காரன்கிட்ட 75 பிலாட்டஸ் வாங்க கையெழுத்துப் போட்டாங்க. நம்ம சொந்த எச்டிடி-40 பறந்தது 2016ல, அதுல 70க்கு ஆர்டர் போட்டது 2023ல. என்ஜின் எங்கேருந்துன்னு கேக்காதே. மூணாவது புத்தி அதுக்குள்ள மறந்துபோச்சா?

சிரிச்சது போதும். இதைச் சிரிக்காம கேளு.

2016 ஜூலை 22 காலையில தாம்பரத்துலேருந்து போர்ட் பிளேருக்குக் கெளம்பின ஏஎன்-32 விமானம் 29 பேரோட வங்கக் கடல் மேல காணாமப் போச்சு. கப்பலு, விமானம், நீர்மூழ்கின்னு எல்லாத்தையும் வுட்டுத் தேடினாங்க. தண்ணிக்கு அடியிலேருந்து சமிக்ஞை கொடுக்குற கருவி அந்த விமானத்துல இல்லைன்னு அப்பதான் வெளியே வந்துச்சு. ஓடுதளத்தை ஒட்டி வூடு கட்டுறவனை எத்தனை அடி உசரம்னு கேட்டு ஏர்போர்ஸ் தடையில்லாச் சான்றுக்கு அலைய வுடுறாங்கல்ல, அதுல பாதி கண்டிப்பு அந்த விமானத்துக்குள்ள இன்னா இருக்கு, இன்னா இல்லைன்னு பார்க்குறதுலயும் இருந்திருக்கலாம். 2024 ஜனவரியிலதான் சேதி வந்துச்சு. நம்ம பள்ளிக்கரணையில இருக்குற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தோட ஆளில்லாத நீர்மூழ்கி, சென்னைக் கரையிலேருந்து 310 கிலோமீட்டர் தள்ளி 3,400 மீட்டர் ஆழத்துல கெடந்த உடைசலைப் படம் புடிச்சிருந்துச்சு. அதுவரைக்கும் ஏழரை வருஷம் அந்த 29 வூட்டுக்கும் விமானம் எங்க கெடக்குன்னே தெரியாது.

அதனால சொல்றேன் தம்பி. நெசமாவே மந்திரியானா முதல் கையெழுத்தைச் சின்னச் சாமானுக்குப் போடு: உதிரி பாகம், உயிர் காக்குற கருவி, பழகுற பையனுக்கு நம்பி ஏத்துற மாதிரி ஒரு விமானம். ரெண்டாவது கையெழுத்தை என்ஜின் ஆராய்ச்சிக்குப் போடு. பத்து வருஷம் பலன் வராது, உனக்குப் பேரும் வராது, இருந்தாலும் போடு. ரஃபேல் எல்லாம் அதுக்கப்புறம். மந்திரியாவலைன்னா ஓட்டு கேட்டு வர்றவன்கிட்ட எத்தனை கோடிக்கு வாங்கினேன்னு கேட்டதோட நிறுத்தாதே. சொன்ன நாள்ல வந்துச்சா, பழுதானா நாமே சரி பண்ணிக்க முடியுமா, உள்ள போற பையன் திரும்பி வர்றதுக்கு இன்னா ஏற்பாடுன்னு கேளு. இந்த மூணுக்கும் பதில் சொல்லத் தெரியாதவன் எத்தனை லட்சம் கோடி செலவு பண்ணாலும் அது படைக்குச் செஞ்ச செலவு இல்லை, விளம்பரத்துக்குச் செஞ்ச செலவு.