வி.ஐ.பி. அல்லாத ஒரு காரின் விண்ணப்பம்

இந்திய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் மேலான சமூகத்துக்கு, தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் வட்டாரத்தில் தவணையில் கார் வாங்கி வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் சாமானியர்கள் சார்பில் பணிவான வணக்கம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் எங்களுடையதுதானா, அது ஒட்டியிருக்கும் கார் எங்களுடையதுதானா என்பதை நாங்களே படமெடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஏற்றி வங்கிக்கு மெய்ப்பிக்க வேண்டும், இல்லையேல் ஃபாஸ்டேக் முடங்கும் என்று கே.ஒய்.வி. என்ற பெயரில் தாங்கள் வைத்த தேர்வின் வலி இன்னும் ஆறவில்லை. முதலில் பக்கவாட்டுப் படமும் கேட்டீர்கள். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுப்பது காவல் நிலையத்தில் வழக்கம். பிறகு மனமிரங்கி முன்பக்கம் மட்டும் போதும் என்றீர்கள். அதன் பிறகு, 2026 பிப்ரவரி 1 முதல் புதிதாக ஃபாஸ்டேக் வாங்கும் கார்களுக்கு இந்தத் தேர்வே வேண்டாம் என்றும் அறிவித்தீர்கள். புதியவர்கள் பிறவி யோக்கியர்கள் போலும். பழைய ஆட்கள் எங்கள் படங்கள் மட்டும் தங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.

இந்தச் சாமானியர்கள் எதற்காகக் காரை எடுத்துக்கொண்டு தங்கள் வாசலுக்கு வருகிறார்கள் என்பதைத் தாங்கள் யோசித்திருக்க நியாயமில்லை. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் உள்ள ஒரு சராசரி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரின் உப்பு கீசர் காயிலையும் வாஷிங் மெஷினையும் தின்னும். குறைந்த மின்னழுத்தம் மோட்டாரின் கெப்பாசிட்டரைத் தின்னும். அடையாற்றை ஒட்டிய தெருவாக இருந்தால் மழைக்காலத்தில் சம்புக்குள் சாக்கடை இறங்கும். மோட்டார் சரியான அன்று இன்வெர்ட்டர் படுக்கும், இன்வெர்ட்டர் எழுந்த அன்று பிரிட்ஜ் கம்ப்ரசர் போகும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால், “போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க சார், நாளைக்குக் காலையில வந்துடறேன்” என்பார். அந்த நாளை இரண்டாவது வாரத்தை எட்டும்போது குடும்பஸ்தர் ஒரு முடிவுக்கு வருகிறார்: இரண்டே நாள், யாரும் கூட வராமல், “மோட்டார்காரர் என்ன சொன்னார்” என்று கேட்க ஆளில்லாத ஒரு காரில் தெற்கே போய்விட்டு வருவது. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் திட்டம் உருவாகிறது. பெட்ரோல் இவ்வளவு, இட்லி இவ்வளவு, அறை வாடகை இவ்வளவு. அடுத்த வரியில் திருச்சி வரைக்குமான திருத்தலங்கள்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம். இவற்றில் கடைசியில் மட்டும்தான் அம்மன் இருக்கிறாள். மற்ற ஐந்திலும் உண்டியல் மட்டும்.

கட்டணமே கூடாது என்பதல்ல எங்கள் வாதம். 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் சுங்கச்சாவடியில் வாங்குவதை வரி என்று சொல்லவில்லை, கட்டணம் என்றே சொல்கின்றன. கட்டணம் என்றால் கொடுப்பவர் வாடிக்கையாளர், வாங்குபவர் வேலை செய்பவர். ஆனால் படமெடுப்பது, சரிபார்ப்பது, புகார் கொடுப்பது என்று வேலையெல்லாம் கொடுப்பவர் தலையிலும், பணம் மட்டும் தங்கள் கையிலும் சேர்கிறது. எங்கள் மெக்கானிக்கும் இதைத்தான் செய்கிறார். வேலை முடியாவிட்டால் அவருக்கு மீதிக் காசு கிடையாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

தங்களுக்குப் படமில்லாமலே ஆளை அடையாளம் காணும் அபூர்வத் திறமை உண்டு என்பதும் எங்களுக்குத் தெரியும். தென்னிந்தியச் சுங்கச்சாவடிகளைப் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் எங்கள் பரனூருக்குத் தனிச் சிறப்பு கிடைத்தது. 2019-20 காலத்தில் தணிக்கைக்கு எடுத்துக்கொண்ட மாதங்களில் அந்த வழியே போன சுமார் 1.17 கோடி வாகனங்களில் 62.37 லட்சம், அதாவது 53.27 சதவீதம், கட்டண விலக்கு பெற்ற வி.ஐ.பி. வாகனங்களாகக் கணக்கில் இருந்தன. இரண்டு வண்டி போனால் ஒன்று வி.ஐ.பி.! டெல்லியின் அன்றைய ராஜபாதையில்கூட இந்த விகிதம் வாய்த்திருக்காது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இத்தனை பிரமுகர்கள் பிறந்திருப்பதை அறியாமல் இருந்துவிட்டோமே என்று வெட்கமாக இருக்கிறது. வராத மெக்கானிக்கைப் பற்றியும் இப்போது வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கிறது. அவரும் அந்த 62 லட்சத்தில் ஒருவராக இருக்கலாம். வி.ஐ.பி.க்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை.

விலக்குப் பட்டியலை எடுத்துப் படித்தோம். குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர்கள், முதல்வர்கள், நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், ராணுவம், காவல்துறை, தீயணைப்பு என்று போகிறது. அதில் சாமானியருக்கு வாய்த்தவற்றில் முக்கியமானவை இரண்டு: ஒன்று ஆம்புலன்ஸ், மற்றது அமரர் ஊர்தி. இந்தப் பட்டியலைக் கொண்டு சில மாதங்களில் 62 லட்சம் வண்டிகளை நிரப்ப முடியுமா? முடியாது. ஆக, அந்தக் கணக்கு உண்மையென்றால் பாதிப் பேரிடம் காசு வாங்காமல் விட்டிருக்கிறீர்கள். பொய்யென்றால் வாங்கிய காசு எங்கே போனது என்று யாராவது சொல்ல வேண்டும். மூன்றாவது பதில் இல்லை. இருப்பு ஐந்து ரூபாய் குறைந்தால் ஒரு மனிதனைக் குடும்பத்தோடு வரிசையில் நிறுத்தி கூடுதல் கட்டணம் கேட்கிற இயந்திரத்துக்கு, 62 லட்சம் வண்டிகள் போனது உறைக்கவில்லை என்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நாங்கள் என்ன கல்லா? மன்னிக்க வேண்டும். குரல் சற்று உயர்ந்துவிட்டது. தாங்கள் பெரியவர்கள், அன்பு கூர்ந்து மேலே படிக்கவும்.

ஆண்டுச் சீட்டு இருக்கிறதே என்று தங்கள் தரப்பில் சொல்லலாம். 2025 ஆகஸ்ட் 15இல் அது வந்தபோது, 3,000 ரூபாய் கட்டினால் ஓராண்டு அல்லது 200 முறை, எது முந்துகிறதோ அதுவரை சொந்த கார் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளைக் கடக்கலாம் என்றீர்கள். அப்போது ஒரு முறைக்கு 15 ரூபாய்தான் ஆனது. மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மலிவை முழுதாக அனுபவிக்கக் கணக்குப் போட்டுப் பாருங்கள். திருச்சி போய்வர ஆறும் ஆறும் பன்னிரண்டு. இருநூறைத் தீர்க்க ஆண்டுக்குப் பதினாறு தடவைக்கு மேல் போய்வர வேண்டும். வீட்டில் ஏதாவது கெட்டால்தான் கிளம்புகிறவருக்கு ஆண்டுக்குப் பதினாறு சாமான் கெட வேண்டும். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று பெரியவர்கள் வாழ்த்தியது இந்தப் பதினாறை அல்ல. அடிக்கடி போகிறவருக்குச் சலுகை, எப்போதோ ஒரு தடவை மூச்சுவிடப் போகிறவருக்கு முழு விலை என்பதுதான் இந்தத் திட்டத்தின் நியாயம். கட்டணம் தலைக்கல்ல, வண்டிக்கு என்பதால் தனியாகப் போகிறவர் ஐந்து பேர் பங்கையும் தாமே கட்டுகிறார். மாதச் சீட்டோ சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு. பரனூருக்குத் தாம்பரம் அந்த வட்டத்துக்குச் சற்றே வெளியே விழுகிறது, வட்டம் போட்டவர் கை நீளம் அவ்வளவுதான். பைக்கில் போனால் கட்டணமே இல்லையே என்றும் சொல்வீர்கள். உண்மை. முதுகுவலி உள்ளவர்கள் சார்பில் நன்றி.

சாலை சும்மா வருமா, பழைய இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்ததை மறந்துவிட்டீர்களா என்பது கனமான கேள்வி. மறக்கவில்லை. தாம்பரம் முதல் திண்டிவனம் வரை நான்கு வழி வந்தபோது முதலில் மகிழ்ந்தவர்கள் நாங்கள்தான். கட்டணமும் சாலையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்பதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் மதுரவாயல்-வாலாஜா சாலையைச் சரிசெய்யும்வரை பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்றது. கேரளத்தில் இடப்பள்ளி-மண்ணுத்தி சாலை சீர்கெட்டு நெரிசலில் திணறியபோது, 2025 ஆகஸ்டில் பாலியேக்கரைச் சாவடியின் வசூலையே அந்த ஊர் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. தாங்கள் உச்ச நீதிமன்றம் வரை போனீர்கள். 65 கிலோமீட்டரைக் கடக்க 12 மணி நேரம் ஆகுமானால் ஒருவர் எதற்கு 150 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அங்கேயும் கேட்டார்கள். இரும்புலியூரிலிருந்து பரனூர் வரை பொங்கலுக்கு முந்தைய இரவில் நின்றவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தான். என்ன, அவர்களிடம் அங்கி இல்லை.

2022 மார்ச்சில் தங்கள் துறை அமைச்சர் மக்களவையில், 60 கிலோமீட்டருக்குள் ஒரு சாவடிதான் இருக்கும், மற்றவை மூன்று மாதத்தில் மூடப்படும் என்றார். பரனூருக்கும் ஆத்தூருக்கும் இடையே 60 கிலோமீட்டர் இல்லை. “நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்” என்ற குரலை நாங்கள் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வோம்.

தங்கள் தாராளத்தையும் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். 2025 அக்டோபரில், தங்கள் சாவடிகளில் கழிப்பறை அசுத்தமாக இருந்தால் இடமும் நேரமும் பதிவான படமெடுத்துச் செயலியில் ஏற்றுங்கள், ஃபாஸ்டேக்கில் 1,000 ரூபாய் போடுகிறோம் என்றீர்கள். மாதக் கடைசியோடு அந்தப் பரிசும் முடிந்தது. தனியாக வண்டியோட்டிப் போக நினைக்கும் ஒரு பெண் பயணத்திட்டத்தில் முதலில் எழுதுவது ஊர்ப் பெயர்களை அல்ல, நம்பி இறங்கக்கூடிய கழிப்பறைகளை. அவர் கேட்பது தண்ணீரும் தாழ்ப்பாளும். தாங்கள் கொடுத்ததோ புகைப்படப் போட்டி. துடைக்க ஆள் போட வேண்டிய இடத்தில் பரிசு அறிவித்ததைப் பார்த்தால், இவ்வளவு காலமும் அங்கே வி.ஐ.பி.க்கள் மட்டும்தான் போய்வந்தார்களோ, அதனால்தான் யாரும் புகார் சொல்லவில்லையோ என்று தோன்றுகிறது.

ஆகவே சமூகம் கருணை கூர்ந்து, தாம்பரம் வட்டாரத்தில் மோட்டார், இன்வெர்ட்டர், பிரிட்ஜ் ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் பழுதான வீட்டைச் சேர்ந்த எவரையும், மெக்கானிக்கின் கடிதத்தைக் காட்டினால், போகவர ஒரு தடவைக்கு மட்டும் வி.ஐ.பி.யாகக் கருத வேண்டுகிறோம். 62.37 லட்சத்தோடு இன்னும் சிலர் சேர்வதால் பரனூரின் கணக்கில் ஒன்றும் தெரியப்போவதில்லை. மெக்கானிக் கடிதம் எழுத நாளைக்குக் காலையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
46.73 சதவீதத்தில் ஒருவன்.

இணைப்பு: காரின் முன்பக்கப் படம், ஒன்று. பக்கவாட்டுப் படம் வேண்டாம் என்று தாங்களே தளர்த்திவிட்டதால் இணைக்கவில்லை.