பெருங்காய டப்பா மாமா

மும்பை தாதர் ஈஸ்ட் ஹிந்து காலனியில் ஆரம்பித்து மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும், தமிழர்கள் குடியிருக்கிற பழைய பில்டிங் எதிலும் இவரைப் பார்க்கலாம். பேங்க்கிலோ ரயில்வேயிலோ ரிடையர் ஆனவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். மாடிப்படியில் பேச்சுவாக்கில் "கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடறது" என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. அன்று சாயங்காலமே வந்து கேபினெட்டில் காதை வைத்துக் கேட்பார். "டக் டக்குங்கறது. ஹார்ட் டிஸ்க் போகப் போறது. சனிக்கிழமை லாமிங்டன் ரோடு போயிடலாம்."

ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவது என்றால் நாலு ஸ்க்ரூ, இரண்டு கேபிள். பத்து நிமிஷத்து வேலை. மாமா கையில் அது ஒரு வார இறுதி.

லாமிங்டன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கம்ப்யூட்டர் கடைகள் திறக்காது, அதனால்தான் சனி. ஃபாஸ்ட் லோக்கல் நாம் இறங்க வேண்டிய கிராண்ட் ரோட்டில் நிற்காது என்று தாதர் பிளாட்பாரத்தில் நம்மிடம் சொல்வார், நாம் நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்து இறங்கியதுபோல. பிரபாதேவி ஸ்டேஷன் இவருக்கு இன்னும் எல்ஃபின்ஸ்டன்தான். ஏழு கடை ஏறி இறங்கி, முதல் கடைக்கே திரும்பி வந்து, ஐம்பது ரூபாய் குறைத்து வாங்குவார். கடைக்காரர் சீக்கிரம் சம்மதித்துவிட்டால் சந்தேகம் வந்துவிடும். "அரே பாயி, பழைய ஸ்டாக்கா?" என்று அட்டையைத் திருப்பி மாசம், வருஷம் பார்ப்பார். திரும்பி வரும்போது 2011-ஐ ஞாபகப்படுத்துவார். அந்த வருஷம் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் ஃபேக்டரிகள் மூழ்கி, உலகம் பூராவும் விலை ஏறியது. "எனக்கு அப்பவே தெரியும். ரெண்டு வாங்கி வெச்சிருந்தேன்" என்பார். வெள்ளம் தெரிந்திருந்ததா, விலை தெரிந்திருந்ததா என்று கேட்கக் கூடாது.

ஞாயிறு காலை வேலை ஆரம்பம். சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம். "நம்பிக்கைன்னு இல்லே, எதுக்கு ரிஸ்க்?" பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஒருதரம் பவர் பட்டனை அமுக்குவார், உள்ளே தங்கியிருக்கிற மிச்ச கரண்ட் போகட்டும் என்று. பிறகு கேபினெட்டின் இரும்பைத் தொடுவார். நம்மையும் தொடச் சொல்வார். நைலக்ஸ் புடவையில் இருக்கும் வீட்டு மாமி மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். ஸ்டாடிக் கரண்ட் ஒரு பொறி போதும், போர்டு போய்விடும். இது நிஜம்தான். ஆனால் மழைக்காலத்து மும்பை ஈரத்தில் அந்தப் பொறி எங்கிருந்து வரும் என்று மாமி கேட்பதும் நிஜம்.

அடுத்து ஸ்க்ரூ. மாமாவின் ஸ்க்ரூக்கள் எல்லாம் பெருங்காய டப்பாக்களில் இருக்கும், இரண்டு டப்பா. ஹார்ட் டிஸ்க்குக்கு மரை அகலமான ஸ்க்ரூ, சிடி டிரைவுக்கு மரை நெருக்கமானது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை கெட்டுவிடும். கடைப் பையன் இதையெல்லாம் பார்க்கமாட்டான், கிடைத்ததைப் போட்டு இறுக்குவான். மாமா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் போடுவார். எங்கள் ஏரியாவில் எந்த கம்ப்யூட்டரைத் திறந்தாலும் லேசாக ரசவாடை அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

கை வேலை செய்யும்போது வாய் சரித்திரம் சொல்லும். 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது. எடை ஒரு டன் அளவு. அடங்கியதோ ஐம்பது லட்சம் எழுத்து. "எம்.எஸ். ஆலாபனையை முடிக்கறதுக்குள்ளே டிஸ்க் ரொம்பிடும்!" ஐடிஇ கேபிள் காலத்தில் மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பர் வைக்க வேண்டியிருந்ததே, அப்போது "இந்த வீட்ல யார் மாஸ்டர்?" என்று ஒரு ஜோக் சொல்வார். சாட்டா வந்து ஜம்பர் போனது, ஜோக் போகவில்லை.

மாட்டியாயிற்று, ஆன் செய்தாயிற்று. புது டிஸ்க்கைத் திரையில் காணவே காணோம். வீட்டுக்காரர் முகம் வெளுக்கும். மாமா நிதானமாக காபி கேட்பார். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் இனிஷியலைஸ் செய்தால்தான் புது டிஸ்க் தெரியும் என்பது அவருக்கு டிஸ்க் வாங்கும்போதே தெரியும். டபராவில் ஆற்றி முடிக்கும்வரை சொல்லமாட்டார்.

தெரிந்த பிறகு அடுத்த கலவரம். 500 ஜிபிக்குக் காசு கொடுத்தோம், 465 காட்டுகிறது. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது என்று மாமா பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டுவார். மாமி முழுசும் கேட்டுவிட்டு, "அப்போ யாரும் திருடலை, ஆனாலும் குறையறது" என்று உள்ளே போய்விடுவாள். தாதர் மார்க்கெட்டில் நாற்பது வருஷம் காய்கறி வாங்கியவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

பிறகுதான் பாகப்பிரிவினை. சி விண்டோஸுக்கு, டி கல்யாண போட்டோவுக்கு, ஈ பஜனைக்கு, எஃப் பிள்ளையின் கேம்ஸுக்கு. எனக்கு ஏன் இவ்வளவு குறைச்சல் என்று பையன் சண்டை போடுவான்; அப்பா தன் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். ஆறு மாசத்தில் டி நிரம்பி வழியும், ஈ காலியாகக் கிடக்கும். ஒரே டிரைவாக விட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. ஆனால் அப்புறம் மாமாவை யார் கூப்பிடுவார்கள்?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கேலி செய்ய மனசு வராது. பழைய டிஸ்க்கிலிருந்து புதுசுக்குக் காப்பி எடுக்கும்போது எது எதிலிருந்து என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க் போய் நிறைந்த டிஸ்க் மேல் உட்காரும். பத்து வருஷத்துப் போட்டோ மாயம். அப்போது மாமா ஜோக் சொல்லமாட்டார். இரண்டு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் உரக்கப் படித்து, வீட்டுக்காரரை எழுதச் சொல்லி, திரையோடு ஒத்துப் பார்த்த பிறகே பட்டனை அமுக்குவார். பழைய டிஸ்க்கை உடனே அழிக்கவும் விடமாட்டார். ஒரு மாசம் பீரோவில் இருக்கட்டும் என்பார்.

காசு வாங்கமாட்டார். செத்த டிஸ்க்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்து, உள்ளே இருக்கும் காந்தத்தை எடுத்துக் கொண்டுவந்து கொடுப்பார். ஃப்ரிட்ஜில் ஒட்டினால் பெயிண்ட்டோடுதான் வரும்.

இப்போது எஸ்எஸ்டி வந்துவிட்டது. சுற்றுகிற தட்டு கிடையாது. புது ரகத்துக்கு ஒரே ஒரு பொடி ஸ்க்ரூ. பிள்ளைகள் போனிலேயே ஆர்டர் போட்டுத் தாங்களே செருகிக்கொள்கிறார்கள். "சத்தமே இல்லே, உசிரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?" என்று மாமா சில மாசம் சோர்ந்திருந்தார். அப்போதுதான் சொசைட்டி சிசிடிவி ரெகார்டிங் நின்றது. அந்த டிவிஆர் பெட்டிக்குள் இருப்பது பழைய மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்! கமிட்டி மூன்று கொட்டேஷன் கேட்டது. மூன்றையும் லாமிங்டன் ரோடு போய் இவரே வாங்கி வந்தார். ஞாயிறு காலை வாட்ச்மேன் கேபினில் டப்பாக்கள் திறந்தன. ரெகார்டிங் மறுபடி ஓடியபோது மணி மூன்று. அந்த இடைவெளியில்தான் செக்ரெட்டரியின் வாசலில் இருந்த புது கோலாப்பூரி செருப்பு காணாமல் போயிற்று.