தோன்றா எழுவாயும் டச்பேடும்: ஓர் ஆய்வு

நோக்கம்

ஒரே லேப்டாப்பை இருவர் பயன்படுத்தும் வீட்டில், "டச்பேடுல ஸ்க்ரோல் திசையை யார் தலைகீழா மாத்தினது?" என்ற குரல் எழாத நாள் அரிது. இதைக் குடும்பச் சண்டை என்றே இதுவரை கருதி வந்துள்ளனர். இது இலக்கணச் சண்டை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு

1996இல் வந்த மைக்ரோசாஃப்ட் இன்டெலிமவுஸ், மவுஸில் சக்கரத்தைப் பரவலாக்கியது. சக்கரத்தைக் கீழே உருட்டினால் பக்கத்தின் கீழ்ப்பகுதி வரும். பதினைந்து ஆண்டுகள் உலகம் இப்படியே உருண்டது. 2011 ஜூலையில் ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் லயன், டச்பேடில் விரலைக் கீழே இழுத்தால் பக்கமும் கூடவே கீழே வரும்படி மாற்றி, அதற்கு 'இயல்பானது' என்று பெயரும் சூட்டியது. அதுவரை உருட்டி வந்தவர்கள் அனைவரும் ஒரே இரவில் இயல்பு கெட்டவர்களானார்கள்.

சூத்திரமும் உரையும்

விண்டோஸ் 11இன் டச்பேட் செட்டிங்ஸில் இரண்டு சூத்திரங்கள் உள்ளன. அவற்றின் பொருள்: 'கீழே இழுத்தால் கீழே போகும்', 'கீழே இழுத்தால் மேலே போகும்'. எது போகும்? சொல்லவில்லை. தோன்றா எழுவாய்! 'பார்வை' என்று கொள்வதே நூலாசிரியர் கருத்து. 'பக்கம்' என்று கொண்டாலோ இரண்டு சூத்திரங்களும் ஒன்றன் பொருளை மற்றொன்று எடுத்துக்கொள்ளும். பெரும்பாலோர் செட்டிங்ஸை மாற்றிவிட்டு, உடனே மறுபடி மாற்றுவதன் காரணம் இதுவே.

இனி இரு கொள்கைகள். பக்கம் அசையாது, நாம்தான் சுற்றிவர வேண்டும் என்பது மூலவர் கொள்கை. நாம் நின்ற இடத்தில் நிற்போம், பக்கம் நம்மைத் தேடி வரும் என்பது உற்சவர் கொள்கை. இரண்டிலும் தரிசனம் ஒன்றே. ஆயினும் மேக்கில் உற்சவரை டச்பேடுக்கு எழுந்தருளச் செய்தால், மவுஸின் சக்கரத்துக்கும் அவரே எழுந்தருள்வார். இரண்டுக்கும் தனித்தனி வழிபாட்டுக்கு அங்கே இடமில்லை.

கர்சர் இயல்

விரல் ஒரே தூரம் நகர்ந்தாலும் மெல்ல நகர்ந்தால் கர்சர் கொஞ்சமும், விரைந்து நகர்ந்தால் வெகுவாகவும் ஓடும். கூலி தூரத்துக்கு அல்ல, அவசரத்துக்கு. லினக்ஸில் டச்பேடைக் கையாளும் லிப்இன்புட் மென்பொருளில் இந்த வேகத்தை -1 முதல் 1 வரை வைக்கலாம். 0 என்றால் கர்சர் நின்றுவிடும் என அஞ்சவேண்டாம், அது நடுநிலை.

தட்டச்சு செய்கையில் உள்ளங்கை பட்டு, கர்சர் நான்கு வரி தாண்டிக் குதிப்பதும் உண்டு. தட்டச்சின்போது டச்பேடை உறங்கவைக்கும் வசதி இருக்கிறது. அதை அறியாததால், இவ்வாய்வின் முதல் வரைவில் முடிவுரையின் பாதி முன்னுரைக்குள் போய்விட்டது.

முடிவு

விரலுக்கு இயல்பு என்று ஒன்று கிடையாது, பழக்கம்தான் உண்டு. ஆகவே எழுவாய் எதுவென்று முடிவுசெய்யும் உரிமை லேப்டாப்பின் சொந்தக்காரருக்கே உரியது. இரவல் வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள்: லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, திசையையும் திருப்பிக் கொடுங்கள்.