சிறு நாடகக் குழுக்களில் நடிகர் தேர்வு: மொட்டை மாடி நோக்கில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

சிறு நாடகக் குழுவாவது ஒரு டைரக்டர், பாதி எழுதிய ஸ்கிரிப்ட், முழுதாகக் கட்டிய ஹால் அட்வான்ஸ் என்னும் மூன்றால் ஆயது. அக்குழு காலை பத்து மணிக்கென்று அறிவித்துப் பதினொன்றரைக்குத் தொடங்கும் ஆடிஷனே ஈண்டு ஆய்வுப் பொருள். இத்துறையில் இதற்கு முன் எவரும் ஆய்வு செய்ததில்லை என்று, எல்லா ஆய்வேடுகளையும் போல, இதுவும் தேடிப் பார்க்காமலே கூறுகிறது.

2. முன்னோர் நெறி

சிலப்பதிகாரத்து மாதவி 5 வயதில் தொடங்கி 7 ஆண்டுகள் பயின்று, 12 வயதில் சோழ மன்னன் முன் ஆடித் தலைக்கோலும், 1008 கழஞ்சு விலைபெற்ற மாலையும் பெற்றாள். இன்று பெறுவது ஒரு டீ. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலான நாடகத் தமிழ் நூல்கள் இறந்துபட்டன என்பது அடியார்க்கு நல்லார் தரும் செய்தி. இக்கட்டுரையின் முடிவுகள் அனைத்தையும் 'முறுவல்' நூலின் கிடைக்காத பகுதிகள் ஐயமற உறுதி செய்கின்றன. மறுப்போர் ஏட்டுடன் வருக.

3. வருவோர் வகை

(அ) முழக்குவோர்: தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களனில் பிறக்க, ஆக 32. இவர்கள் கொண்டு வருவது வெகுளி ஒன்றே. "காபியில சர்க்கரை இல்லையே" என்ற வசனத்தைக் கொடுத்தால் ஜாக்சன் துரையிடம் கேட்பதுபோல் கேட்பர்.

(ஆ) வினவுவோர்: "சினிமாக்காரங்க யாராவது பார்க்க வருவாங்களா சார்?"

(இ) நன்றாக நடிப்போர்: இவர்களைப் பற்றிக் குறிப்பிடத்தக்க செய்தி இல்லை.

(ஈ) மொட்டை மாடி உடையோர்: இது தனி இயலாக விரிக்கத் தக்கது.

4. மொட்டை மாடி இயல்

ஒத்திகைக்கு ஹால் எடுத்தால் மணிக்கணக்கில் வாடகை, மாடி இலவசம். ஆதலின் மாடியுடையான் கதாநாயகன் ஆவான். என்னை? ஒத்திகை பார்க்க இடமின்றி நாடகம் இல்லை. நடிப்பின்றி நாடகம் உண்டு என்பது பல மேடைகளில் கண்கூடு.

இனி அளவு. அரங்கேற்று காதை அரங்கிற்கு 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் விதிக்கிறது. கோலாவது 24 விரல். அவ்விரல் உத்தமனுடையது என்பர் உரைகாரர். குழுவில் அத்தகையோர் கிட்டாமையின் வீட்டு ஓனரின் விரல் கொள்ளப்பட்டது. அவ்வாறு அளந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி ஒரு மூலையையும், வற்றல் காயும் பாய் நடு அரங்கையும் கொண்டன. வற்றல் மிதிபடாமல் காதல் காட்சி நடித்தவரே கால்வழக்குத் தேர்ந்தவர்.

எழினி மூன்று: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. கொடியில் ஒருபக்கமாக இழுபடும் புடவை முதலாவது. இருபுறமிருந்தும் வந்து நடுவில் கூடும் வேட்டிகள் இரண்டாவது. கிளிப் நழுவி நாயகியின் தலைமேல் விழும் ஈரப் போர்வை மூன்றாவது. இளங்கோவடிகளுக்குத் துணிக்கொடி தெரிந்திருந்தது என்பது இதனால் பெறப்படும். இதனை மறுக்கும் மாம்பலம் பள்ளியார் அடுக்குமாடிக் குடியிருப்பினர். மாடிச் சாவி அவர்களிடம் இல்லை.

புகவும் போகவும் வாயில் இரண்டு வேண்டும் என்பது விதி. மாடிக்கோ படிக்கதவு ஒன்றே. இம்முரணைத் தீர்க்க மேலும் மூன்றாண்டு ஆய்வும் அதற்குரிய நிதியும் தேவை.

5. முடிவுரை

தேர்வு முடிந்ததும் டைரக்டர் எல்லாரிடமும் "சொல்லி அனுப்பறோம்" என்பார். மாடியுடையானுக்கு முந்தின வாரமே சொல்லியாயிற்று. முடிவுரையை முதலில் எழுதிவிட்டுச் சான்று தேடப் புறப்படும் பேராசிரியர்கள் இம்முறையைக் குறைகூற மாட்டார்கள்.

எனினும் (இ) பிரிவினர் வசனத்தை நெட்டுருப் போட்டு, இரண்டு பஸ் மாறி, வெயிலில் காத்திருந்து நடித்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள். ஆகவே குழுக்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: அறிவிப்பிலேயே "சொந்த மாடி உள்ளவர்கள் மட்டும்" என்று போட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு பஸ் காசாவது மிஞ்சும்.